மிஸ்ஸிங் அடிக்கும் பழைய வண்டி: தீப்பொறி வந்த கதை

(வேளாண் ஒலிபரப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



விதை, உரம், பூச்சி மருந்து என்று இந்தப் பகுதியில் பல விஷயங்களைக் கேட்டிருப்பீர்கள். இன்றைக்கு நாம் பார்க்கப் போவது, விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டு போகிற வண்டியைப் பற்றி. அதிலும் பெட்ரோலில் ஓடுகிற பழைய வண்டி. அது ஜீப்பாக இருக்கலாம், அம்பாசிடர் காராக இருக்கலாம், அப்பா காலத்து மோட்டார் சைக்கிளாகவும் இருக்கலாம். டீசல் டிராக்டருக்கு இந்தப் பேச்சு பொருந்தாது. டீசல் இன்ஜினில் பிளக்கும் இல்லை, பொறியும் இல்லை. காற்றை அழுத்துகிற சூட்டிலேயே அதில் எண்ணெய் பற்றிக்கொள்ளும்.

பழைய பெட்ரோல் வண்டிக்காரர்களுக்கு ஒரு தலைவலி உண்டு. வண்டி ஸ்டார்ட் ஆகும், ஓடும், ஆனால் சீராக ஓடாது. நாலு சிலிண்டரில் ஒன்று வெடிக்காமல் தப்பும். நொண்டி மாட்டைப் பூட்டின வண்டி மாதிரி உலுக்கும். மேட்டில் இழுக்காது. இதைத்தான் பட்டறையில் ‘மிஸ்ஸிங் அடிக்குது’ என்று சொல்லுவாங்க.

தக்காளிக் கூடையை ஏற்றிக்கொண்டு விடியுமுன்னே சந்தைக்குப் புறப்படுகிறீர்கள். பாதி வழியில் வண்டி உலுக்க ஆரம்பித்தால் அன்றைய விலை போச்சு. பட்டறைக்குப் போனால் முதலில் பிளக்கை மாற்றுகிறார்கள். சரியாகவில்லை என்றால் காயில். அதற்கும் சரியாகவில்லை என்றால் கார்பரேட்டர். செலவு ஏறிக்கொண்டே போகும், மிஸ்ஸிங் மட்டும் அப்படியே நிற்கும். கடைசியில், ‘வண்டி பழசாயிடுச்சு, வித்துடுங்க’ என்று யோசனை சொல்லுவாங்க. மாற்ற வேண்டியிருந்ததோ ஒரு சின்ன உறுப்பாக இருக்கும்.

இன்ஜினில் தீப்பொறி உண்டாக்குகிற உறுப்புகள் ஒரே நாளில் வந்தவை அல்ல. ஒன்றில் இருந்த குறையைப் போக்க அடுத்தது வந்தது. எது எதற்காக வந்தது என்று தெரிந்தால், எது எப்படிக் கெடும் என்பதும் விளங்கும். அது விளங்கிவிட்டால் தேடுகிற வேலை பாதி முடிந்த மாதிரி. ஆகையால் கதையை ஆரம்பத்திலிருந்தே பார்ப்போம்.

மடையை அடைத்தால் எழும்பும் தண்ணீர்

1831-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் மைக்கேல் ஃபாரடே ஓர் உண்மையைக் கண்டுபிடித்தார். ஒரு கம்பிச் சுருளில் ஓடுகிற மின்சாரத்தைச் சட்டென்று நிறுத்தினால், பக்கத்துச் சுருளில் ஒரு கணம் மின்சாரம் துள்ளி எழும். 1836-ல் அயர்லாந்தில் மேனூத் கல்லூரியில் ஆசிரியராக இருந்த நிக்கோலஸ் காலன் என்ற பாதிரியார் இதை வைத்து ஒரு காயில் செய்தார். இரும்பின் மேல் தடித்த கம்பி சில சுற்று, மெல்லிய கம்பி மிகப் பல சுற்று. தடித்த கம்பியில் சின்ன பேட்டரியின் மின்சாரம் ஓடும். அதைத் துண்டித்தால் மெல்லிய கம்பியில் ஆளைத் தூக்கி அடிக்கிற வேகத்தில் மின்சாரம் வரும்.

நமக்குத் தெரிந்த மாதிரி சொன்னால், வேகமாக ஓடுகிற வாய்க்காலை மடையில் சட்டென்று அடைத்தால் தண்ணீர் பலகையில் முட்டி மேலே எழும்பும் இல்லீங்களா? அதே கதைதான். மெதுவாக அடைத்தால் அவ்வளவு எழும்பாது.

இங்கே ஒரு தொல்லை இருந்தது. மின்சாரத்தைத் துண்டிக்கிற இரண்டு முனைகளும் பிரியும்போது, மின்சாரம் அந்த இடைவெளியையே தாண்டிக் குதித்து ஓடப் பார்க்கும். அதனால் துண்டிப்பு சுத்தமாக நடக்காது, முனைகளும் கருகிவிடும். 1853-ல் பிரெஞ்சு விஞ்ஞானி ஃபிசோ இதற்கு வழி சொன்னார். முனைகளுக்குப் பக்கத்தில் ஒரு கண்டென்சரை இணைத்தால், குதிக்கப் பார்க்கிற மின்சாரத்தை அது வாங்கிக்கொள்ளும். மடைக்குப் பக்கத்தில் ஒரு குழி வெட்டி வைத்தால் வழிகிற தண்ணீர் அதில் போய்விடும், மடையும் உடனே அடைபடும் பாருங்க, அப்படி.

இதை நினைவில் வையுங்கள். உங்கள் பழைய வண்டியின் டிஸ்டிரிபியூட்டரில் சுண்டுவிரல் பருமனில் ஒரு தகரக் குப்பி திருகியிருக்குமே, அதுதான் அந்தக் கண்டென்சர். அளவில் சின்னது, விலையிலும் சின்னது. அது செத்துப்போனால் பாயிண்ட் கருகும், பொறி பலவீனமாகும், இன்ஜின் தப்பி வெடிக்கும்.

1860-ல் பாரிஸ் நகரத்தில் லெனுவார் என்பவர் எரிவாயுவில் ஓடுகிற இன்ஜினைச் செய்தபோது, இந்தக் காயில் பொறியைத்தான் அதற்குள் விட்டார். இன்ஜினும் மின்பொறியும் அன்றைக்கே ஒன்று சேர்ந்துவிட்டன.

ஒரு தாயின் பயணம்

1886-ஆம் ஆண்டு ஜனவரி 29-ந் தேதி ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் தன் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கேட்டு மனுப் போட்டார். அந்த வண்டியிலும் பேட்டரியும் காயிலும் சேர்ந்துதான் பொறி கொடுத்தன. ஆனால் ஜனங்கள் அதை நம்பி வாங்கவில்லை.

1888 ஆகஸ்டில் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ் இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு, கணவருக்குச் சொல்லாமலே மன்ஹைமிலிருந்து பிறந்த ஊரான ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு அந்த வண்டியில் புறப்பட்டுவிட்டார். நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரம். பெட்ரோல் பங்க் என்ற ஒன்றே இல்லாத காலம். வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக் கடையில்தான் எரிபொருள் வாங்கினார்.

வழியில் வண்டி தகராறு செய்தது. எரிபொருள் வருகிற குழாயில் அடைப்பு. தொப்பியில் குத்தியிருந்த நீண்ட ஊசியை எடுத்துக் குத்தி அடைப்பை நீக்கினார். இன்னோர் இடத்தில் பொறிக்குப் போகிற கம்பியின் மேலுறை போய், மின்சாரம் வழி தவறிப் போனது. காலுறையைக் கட்டுகிற பட்டையை எடுத்து அந்தக் கம்பியில் சுற்றினார். வண்டி ஊர் போய்ச் சேர்ந்தது.

மோட்டார் வண்டியின் முதல் நீண்ட பயணத்திலேயே இரண்டு கோளாறும் வந்துவிட்டன பாருங்க. ஒன்று எண்ணெய்க் கோளாறு, மற்றொன்று மின்சாரக் கோளாறு. இன்றைக்கும் மிஸ்ஸிங் அடிக்கிற வண்டியிடம் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்: குறை எண்ணெயிலா, மின்சாரத்திலா?

பதிலை வண்டியே ஓரளவு சொல்லும். மின்சாரக் கோளாறு பெரும்பாலும் சட்டென்று வரும், சட்டென்று போகும், சுவிட்சைப் போட்டு அணைக்கிற மாதிரி. எண்ணெய்க் கோளாறு பெரும்பாலும் மெதுவாக வரும். இழுவை குறைந்து, இருமி, பிறகு தப்ப ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் சோக்கைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்கள். ஓட்டம் தேறினால் எண்ணெய் போதவில்லை, அல்லது எங்கோ காற்றுக் கசிவு என்று அர்த்தம்.

பேட்டரி வேண்டாத மேக்னெட்டோ

அந்தக் காலத்து வண்டிகளில் பேட்டரியைத் திரும்பச் சார்ஜ் செய்ய வழியில்லை. பேட்டரி இறங்கினால் வண்டி நின்றுவிடும். இதற்கு ஸ்டுட்கார்ட் நகரத்தில் பட்டறை வைத்திருந்த ராபர்ட் பாஷ் வழி கண்டார். 1897-ல் ஒரு மோட்டார் வாகனத்தில் மேக்னெட்டோவைப் பொருத்தினார். காந்தத்தை வைத்து, இன்ஜின் சுழலும்போதே மின்சாரம் உண்டாக்குகிற கருவி அது. அவரிடம் வேலை பார்த்த கோட்லோப் ஹோனோல்ட் அதை மேம்படுத்தி, உயர் அழுத்த மேக்னெட்டோவையும் அதற்கேற்ற பிளக்கையும் உருவாக்கினார். 1902-ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது.

மேக்னெட்டோவின் குணம் ஒன்று உண்டு. வேகமாகச் சுற்றினால் நல்ல பொறி, மெதுவாகச் சுற்றினால் நோஞ்சான் பொறி. பெட்ரோலில் ஓடும் விசைத்தெளிப்பானில் கயிற்றை வெடுக்கென்று இழுக்கச் சொல்லுகிறோமே, காரணம் இதுதான்.

நாலு பெட்டி சொன்ன பாடம்

1908-ல் அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு ‘மாடல் டி’ என்ற காரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1927 வரை ஒன்றரைக் கோடி வண்டிகள் செய்தார்கள். வாங்கியவர்களில் விவசாயிகள் ஏராளம். பக்கத்தில் பட்டறை இல்லாத ஊர்களில் அவர்களே ரிப்பேர் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அந்த வண்டியில் ஒரு சிலிண்டருக்கு ஒரு காயில் பெட்டி, ஆக நாலு பெட்டி. ஒவ்வொரு பெட்டியின் மேலும் ‘கிர்ர்’ என்று அதிர்கிற ஒரு தகடு. அதிர்ந்தால் பொறி உண்டு, விரலால் அமுக்கிப் பிடித்தால் அந்தச் சிலிண்டருக்குப் பொறி நின்றுவிடும். மிஸ்ஸிங் வந்தால் எப்படித் தேடுவது என்று ஃபோர்டு கம்பெனியின் கையேடு வண்டிக்காரருக்குக் கேள்வி பதிலாகச் சொல்லிக்கொடுத்தது. வழி இதுதான்.

இன்ஜினைக் கொஞ்சம் வேகமாக ஓடவிட்டு, ஓரத்து இரண்டு தகடுகளை, அதாவது ஒன்றையும் நாலையும் அமுக்கிப் பிடிக்க வேண்டும். இப்போது இரண்டும் மூன்றும் மட்டும் ஓடும். அவை சீராக வெடித்தால் குற்றவாளி ஒன்றோ நாலோதான். அடுத்து நாலை விட்டுவிட்டு ஒன்று, இரண்டு, மூன்றை அமுக்க வேண்டும். நாலு மட்டும் தனியாக ஒழுங்காக வெடித்தால், குற்றவாளி ஒன்று. ஸ்பானர் எடுக்கவில்லை, காசு செலவில்லை, இரண்டே நிமிஷத்தில் எந்தச் சிலிண்டர் என்று தெரிந்துபோச்சு!

கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் நாம் வாய்க்கால் முழுவதையும் தோண்டுவதில்லை. நடுவில் போய்ப் பார்க்கிறோம். அங்கே தண்ணீர் இருந்தால் அடைப்பு கீழே, இல்லாவிட்டால் அடைப்பு மேலே. பாதி பாதியாகக் கழித்துக்கொண்டே வந்தால் அடைப்பு அகப்பட்டுவிடும். மாடல் டி விவசாயி விரலால் செய்ததும் இதுவே. உறுப்பை மாற்றுவதற்கு முன்னால் இடத்தைக் கண்டுபிடிக்க வேணும்.

கொட்டகையில் பிறந்த முறை

ஒஹையோ மாநிலத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் 1876-ல் பிறந்தவர் சார்லஸ் கெட்டரிங். டேட்டன் நகரத்தில் நண்பர் ஒருவரின் பண்ணைக் கொட்டகையில் சில தோழர்களோடு இரவு பகலாக வேலை பார்த்து, பேட்டரிப் பொறி முறையைப் புதிதாக அமைத்தார். 1910-ஆம் ஆண்டு மாடல் கேடிலாக் கார்களில் அது வந்தது. 1912 மாடலில் கைப்பிடி சுற்றாமல் ஸ்டார்ட் செய்கிற மோட்டாரும், ஓடும்போதே பேட்டரியைச் சார்ஜ் செய்கிற டைனமோவும் சேர்ந்துகொண்டன.

இவ்வழியில் வளர்ந்து நிலைத்த முறையில் நாலு சிலிண்டருக்கும் ஒரே காயில், ஒரே ஜோடி பாயிண்ட், ஒரே கண்டென்சர். பொறியை முறை வைத்து அனுப்ப ஒரு டிஸ்டிரிபியூட்டர். ஊர் ஏரியில் நீர்க்கட்டி இருந்து முறைத் தண்ணீர் திருப்பிவிடுகிறாரே, அந்த வேலையை டிஸ்டிரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டர் செய்கிறது. முறை தவறக் கூடாது. பல நாலு சிலிண்டர் வண்டிகளில் ஒன்று, மூன்று, நாலு, இரண்டு என்பதே வெடிக்கும் வரிசை. இன்ஜின் நிமிஷத்துக்கு 2,000 சுற்று சுற்றினால் பாயிண்ட் 4,000 தடவை திறந்து மூட வேண்டும். எவ்வளவு வேலை பாருங்க!

இந்த அமைப்பிலேயே தேடும் வழி அடங்கியிருக்கிறது. ஏரியில் தண்ணீர் இல்லை என்றால் எல்லா வயலும் காயும். கிளை வாய்க்காலில் அடைப்பு என்றால் ஒரு வயல் மட்டும் காயும். அதுபோல, ஒரே சிலிண்டர் எப்போதும் தப்பினால் குறை அந்தச் சிலிண்டரின் பிளக், ஒயர், வால்வு, அல்லது டிஸ்டிரிபியூட்டர் மூடியில் அதற்குரிய முனை. இன்ன சிலிண்டர் என்றில்லாமல் மாறி மாறித் தப்பினால் குறை பொதுவான இடத்தில்: பேட்டரி ஒயர், காயில், பாயிண்ட், கண்டென்சர், ரோட்டர், அல்லது எண்ணெய். இந்த ஒரு வித்தியாசத்தைக் காதால் கேட்டுப் பிரித்துவிட்டால், பாதி உறுப்புகளைத் தொட வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விடும்.

ஜீப் ஊருக்குள் வந்தது

இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்க ராணுவம் கேட்டபடி 1941-ல் வில்லிஸ் கம்பெனியின் ஜீப் வந்தது. போர் முடிவதற்குள் வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கு மேல் செய்துவிட்டார்கள். நம் நாட்டில் 1947 முதல் மஹிந்திரா கம்பெனி பம்பாயில் ஜீப்களைப் பூட்டிக் கொடுக்கத் தொடங்கியது. 1952-ல் சமுதாய வளர்ச்சித் திட்டம் ஆரம்பமானது. அதன் பிறகு வட்டார வளர்ச்சி அதிகாரியின் ஜீப் என்றால் தெரியாத கிராமம் இல்லை. பல ஜீப்கள் பின்னாளில் ஏலத்தில் விவசாயிகள் கைக்கு வந்தன.

அந்தப் பழைய வில்லிஸ் ஜீப்பிலும் கெட்டரிங் வழி வந்த முறைதான். வெடிக்கும் வரிசை 1-3-4-2. ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் அதில் 30 பங்கு பிளக் இடைவெளி, 20 பங்கு பாயிண்ட் இடைவெளி. மற்ற வண்டிகளுக்கு அளவு வேறு. உங்கள் வண்டியின் புத்தகத்தைப் பார்த்து வைக்க வேண்டும், கண் மதிப்பு போதாது. பாயிண்டின் குதிகால் தேயத் தேய இடைவெளி குறையும், பொறி தாமதமாக விழும், இழுவை போகும்.

எண்ணெயும் மாறிப்போச்சு

கெட்டரிங் தலைமையில் இருந்த ஆராய்ச்சிக் கூடத்தில் 1921-ல் தாமஸ் மிட்ஜ்லி என்பவர், பெட்ரோலில் ஈயச் சத்தைக் கலந்தால் இன்ஜின் தட்டாமல் ஓடும் என்று கண்டார். 1923-ல் அது விற்பனைக்கு வந்தது. ஆனால் ஈயம் பிளக்கில் படிந்து பொறியைத் தின்றது. அதைவிட மோசம், புகையோடு வெளியே வந்த ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுத்தது. நல்ல பொறிக்கு வழி சொன்ன அதே இடத்திலிருந்துதான் இந்தக் கேடும் வந்தது. நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டில் ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுவதும் நிறுத்தப்பட்டது. அது நல்லதுதான். ஆனாலும், வால்வு உட்காரும் இடம் மெத்தென்று இருக்கிற சில பழைய இன்ஜின்களில் ஈயம்தான் அங்கே மெத்தை மாதிரி இருந்தது. அது போனதும் வால்வு உள்வாங்கும், டேப்பட் இடைவெளி மூடிக்கொள்ளும், வால்வு கருகும், அந்தச் சிலிண்டர் தப்பும். இப்படிப்பட்ட வண்டிக்கு டேப்பட்டை முன்னைவிட அடிக்கடி பார்க்க வேண்டும்.

அடுத்து எத்தனால். கரும்புச் சாறு, மொலாசஸ், தானியம் இவற்றிலிருந்து எடுப்பது. விவசாயிக்கு இதனால் வருமானம் உண்டு. பெட்ரோலில் இதன் கலப்பு 2022-ல் 10 சதவீதத்தையும் 2025-ல் 20 சதவீதத்தையும் எட்டியது. எத்தனாலுக்கு மூன்று குணம். தண்ணீரை இழுக்கும், பழைய காலத்து ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும், பழைய டாங்கின் உள்ளே ஒட்டிய அழுக்கைக் கிளப்பிவிடும். ஆகவே பல மாசம் நிறுத்தி வைத்த பழைய வண்டி திடீரென்று மிஸ்ஸிங் அடித்தால், பிளக்கைக் கழற்றுவதற்கு முன்னால் வடிகட்டிக் கிண்ணத்தைத் திறந்து, அடியில் தண்ணீரும் துருவும் இருக்கிறதா என்று பாருங்கள். பெட்ரோல் டியூப், பம்பின் ரப்பர் தகடு இரண்டையும் இந்தப் பெட்ரோலுக்கு ஏற்றதாக மாற்றிக்கொள்ளுங்கள்.

எந்த வரிசையில் தேடுவது?

கதையில் வந்ததையெல்லாம் இப்போது வேலையாக மாற்றுவோம்.

முதலில், ஒரு தாளைச் சைலன்சர் வாய்க்கு எதிரே சற்றுத் தள்ளிப் பிடியுங்கள். தாள் ஒழுங்கான இடைவெளியில் துடித்துத் தப்பினால் ஒரே சிலிண்டர். தாறுமாறாகத் தப்பினால் பொது இடம். தாளை அடிக்கடி உள்ளே இழுத்தால் வால்வின் மேல் சந்தேகப்படலாம்.

ஒரே சிலிண்டர் என்றால், மாடல் டி விவசாயி செய்ததையே செய்யுங்கள். இன்ஜினை நிறுத்தி, ஒரு பிளக்கின் ஒயரைக் கழற்றி அதன் முனையை இன்ஜின் இரும்பில் தொடும்படி கட்டிவிட்டு, ஸ்டார்ட் செய்யுங்கள். ஓட்டம் இன்னும் மோசமானால் அந்தச் சிலிண்டர் இதுவரை உழைத்தது. ஒரு மாற்றமும் இல்லையென்றால் சும்மா இருந்த சிலிண்டர் அதுதான். ஒயரை அந்தரத்தில் தொங்கவிடாதீர்கள், காயில் கெடும். ஓடுகிற இன்ஜினில் ஒயரைக் கையால் பிடுங்கவும் வேண்டாம்.

சிலிண்டர் தெரிந்ததும் அதன் பிளக்கைப் பக்கத்துச் சிலிண்டரின் பிளக்கோடு மாற்றிப் போடுங்கள். மிஸ்ஸிங்கும் கூடவே இடம் மாறினால் பிளக்தான் குற்றவாளி. மாறவில்லையென்றால் ஒயரை அதேபோல் சோதியுங்கள். அதிலும் இல்லையென்றால் வால்வும் அழுத்தமும். பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர் சேர்ந்து தப்பினால், ஒயர் முறை மாறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள்.

கழற்றின பிளக்கைத் துடைத்துவிடாதீர்கள், முதலில் அதைப் படியுங்கள். காப்பிப்பொடி நிறம் என்றால் நலம். உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம். எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ரிங் அல்லது வால்வு தேய்வு. வெள்ளை வெளேர் என்றால் பெட்ரோல் குறைவு, சூடு அதிகம்.

மழை நாளில் மட்டும் மிஸ்ஸிங் வருகிறதா? இருட்டின பிறகு பானெட்டைத் திறந்து, தொடாமல் தள்ளி நின்று பாருங்கள். ஒயர் மேலும் மூடி மேலும் நீலப் பொறி ஓடினால், அன்றைக்கு பெர்த்தா அம்மையார் பட்டை சுற்றின அதே கோளாறுதான்.

தாறுமாறாகத் தப்புகிற வண்டிதான் ஆளை அலைய வைக்கும். இப்படி வைத்துக்கொள்வோம். ஒரு ஜீப் காலையில் நன்றாக ஓடுகிறது. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போனதும் உலுக்குகிறது. அரை மணி நேரம் நிறுத்தி வைத்தால் மறுபடி நன்றாக ஓடுகிறது. பட்டறைக்குக் கொண்டு போகும்போது ஆறிப்போய் ஒழுங்காக இருக்கும், மெக்கானிக்கும் ‘நல்லாத்தானே இருக்கு’ என்பார். இந்தக் கோளாறை அது வருகிற நேரத்தில், வருகிற இடத்தில் பிடிக்க வேண்டும். உலுக்கின உடனே ஓரமாக நிறுத்துங்கள். டாங்க் மூடியைத் திறங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே போய், அதன் பின் வண்டி ஓடினால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. ஒரு குண்டூசி வேலை. அதில்லையென்றால் பெட்ரோல் குழாய் மேலும் பம்பு மேலும் ஈரத்துணி போட்டுப் பாருங்கள். தேறினால் சூட்டில் பெட்ரோல் ஆவியாகிக் குழாயை அடைக்கிறது. இரண்டும் இல்லையென்றால் சூடானால் பலம் இழக்கிற கண்டென்சரையும் காயிலையும் சந்தேகியுங்கள். விலை குறைந்த கண்டென்சரை முதலில் மாற்றுங்கள். பாயிண்ட் தட்டுக்குப் போகிற சின்ன ஒயரையும் விரலால் வளைத்துப் பாருங்கள். மேலுறை முழுசாக இருக்கும், உள்ளே கம்பி அறுந்திருக்கும். டிஸ்டிரிபியூட்டர் தண்டைப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆடுகிறதா என்றும் பாருங்கள். ஆடினால் பாயிண்ட் இடைவெளியை எத்தனை தடவை வைத்தாலும் நிற்காது.

ஒரு சமயத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நாலை ஒரே நாளில் மாற்றினால், வண்டி சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. கழற்றின பழைய உறுப்பைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அது கெடாததாகவும் இருக்கலாம்.

சில எச்சரிக்கைகளும் சொல்லியாக வேண்டும். பெட்ரோல் கசிகிற இடத்தில் பொறிச் சோதனை செய்யாதீர்கள். கார்பரேட்டர் வாயில் பெட்ரோலை ஊற்றி ஸ்டார்ட் செய்கிற பழக்கம் ஆபத்து. இன்ஜின் திருப்பி வெடித்தால் முகத்தில் தீப்பிடிக்கும். மூடின கொட்டகைக்குள் இன்ஜினை ஓடவிட்டுச் சோதிக்காதீர்கள், அந்தப் புகை ஆளைக் கொல்லும். தோள் துண்டையும் வேட்டி நுனியையும் ஃபேன் பெல்ட்டுக்கு எட்டாமல் கட்டிக்கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டரும் இதைத்தான் செய்கிறது

1970-களில் அமெரிக்கக் கார்களில் பாயிண்டை எடுத்துவிட்டு மின்னணுக் கருவி வைக்கத் தொடங்கினார்கள். 1996 முதல் அங்கே விற்கிற புதுக் கார்கள் எல்லாவற்றிலும், மிஸ்ஸிங்கைத் தானே கண்டுபிடித்து விளக்கெரிக்கிற கம்ப்யூட்டர் கட்டாயமாச்சு. அது எப்படிக் கண்டுபிடிக்கிறது தெரியுங்களா? ஒவ்வொரு சிலிண்டரும் வெடிக்க வேண்டிய முறை வரும்போது இன்ஜின் தண்டின் சுழற்சி ஒரு கணம் தளர்கிறதா என்று பார்க்கிறது. எந்த முறையில் தளர்ந்ததோ அந்தச் சிலிண்டர் தப்பியது என்று எண் போட்டுக் காட்டுகிறது. மாடல் டி விவசாயி விரலாலும் காதாலும் செய்த அதே வேலை. அந்தக் கம்ப்யூட்டரும் எந்தச் சிலிண்டர் என்று சொல்லும், எந்த உறுப்பு என்று எப்போதும் சொல்லிவிடாது. அதை மனிதன்தான் ஒவ்வொன்றாகக் கழித்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆகவே விவசாயப் பெருமக்களே, அடுத்த தடவை வண்டி மிஸ்ஸிங் அடித்தால் பணப்பையைத் திறப்பதற்கு முன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். எண்ணெயா, மின்சாரமா? ஒரே சிலிண்டரா, எல்லாமுமா? எப்போதும் வருகிறதா, சூடானால், மழை பெய்தால் மட்டும் வருகிறதா? இந்த மூன்றுக்கும் பதிலை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போங்கள். நல்ல மெக்கானிக் அதைப் பார்த்தவுடனே பாதி வேலை முடிந்தது என்று சந்தோஷப்படுவார். உங்கள் காசும் மிஞ்சும், தக்காளியும் நேரத்துக்குச் சந்தை போய்ச் சேரும்.